பகல் தீவட்டியும் சுழல் விளக்கும்

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு. கான்சாபுரத்தில் நம் வீட்டை அடுத்த வீட்டுத் திண்ணையில், உண்டு முடித்துப் படுத்திருந்த பெண்மணியைப் பாம்பு தீண்டிற்று. கடிவாயில் பெரிய வலியில்லை, வீக்கமுமில்லை. ஆகவே வீட்டார் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. அரைமணி கழிந்து மேலிமைகள் தாமாகத் தொங்கத் தொடங்கிய பின்னரே அவருடைய மகன் ஓடிவந்து, "மாமா, அம்மாவுக்குக் கண்ணு தெறக்க முடியல" என்றான். கட்டுவிரியனாக இருக்கலாம் என்று நமக்குப் பட்டது. வலி காட்டாமல் நரம்பைக் கட்டும் நஞ்சு அது. இமையில் தொடங்கி மூச்சுத்தசை வரை முடக்கிவிடும். மாற்று மருந்தும் செயற்கை மூச்சும் காலத்தில் கிடைத்தால் பிழைப்பு உண்டு. ஆம்புலன்ஸ் வந்தது. மகனோடு நாமும் ஏறிக்கொண்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றாக வேண்டும்.

கூமாபட்டியைக் கடக்கும்வரை தடையேதுமில்லை. வத்திராயிருப்புக் கடைவீதியில்தான் நின்றோம். எதிரே ஒரு மாப்பிள்ளை அழைப்பு வந்துகொண்டிருந்தது, ஏழெட்டுக் கார்கள். முதல் காரின் முகப்பில் சிவப்பும் நீலமுமாக வெட்டி வெட்டி மின்னும் விளக்குகள். போதாக்குறைக்குக் காவல்துறை வண்டிகளை நினைவூட்டும் ஒலிப்பான் வேறு. நம் வண்டியின் தலைமேலும் அதே சிவப்பு, அதே நீலம். கடைவீதி இரண்டையும் பார்த்தது. ஒரு கணம் தயங்கிற்று. பின்பு கார்களுக்கு வழிவிட்டது. இளைஞர் ஒருவர் நடுவீதியில் நின்று, கைகாட்டி, ஒவ்வொரு காராக மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அனுப்பிவைத்தார். அவரைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. பெரிய இடத்து வண்டிகளை முன்னே விடுவது மரியாதை என்றுதான் அவருக்கு யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். உள்ளே மகன் தாயின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழி கிடைத்து வண்டி நகர்ந்தபோது ஓட்டுநர் சொன்னார்: "லைட்டப் பாத்து யாரு சார் ஒதுங்குறா? இப்பத்தான் எல்லா வண்டியிலயும் லைட்டு கெடக்கே."

அந்தப் பெண்மணி பிழைத்துவிட்டார். இன்று நடமாடுகிறார், களையெடுக்கவும் போகிறார். ஆகையால் இக்கட்டுரை இரங்கற்பா அன்று. ஓட்டுநரின் அந்த ஒரு வாக்கியந்தான் நம்மை விட்டு அகல மறுக்கிறது; அதையே இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஓடும் வண்டியின் மேல் எரியும் எச்சரிக்கை விளக்கு என்பது என்ன? பேசமுடியாத ஒருவருக்காக எழுப்பப்படும் வேண்டுகோள் என்பதே நம் கருத்து. படுத்திருப்பவரால் கூவ முடியாது. தீப்பற்றிய வீட்டின் உள்ளிருப்பவர் குரல் தெருமுனைக்கு எட்டாது. அவர்கள் பொருட்டு வண்டி கேட்கிறது. ஒலி மட்டும் போதாதா எனில், போதாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தை ஓடவிட்டவர்க்குச் சைரன் நெருங்கி வந்த பின்னரே கேட்கும். கேட்டாலும், இருபுறமும் சுவர் நெருக்கிய கடைவீதியில் எதிரொலி கலந்துவிடுவதால் எத்திசையிலிருந்து என்று தெரியாது. திசையைச் சொல்வது ஒளிதான். காது கேளாதவர்க்கோ அது ஒன்றே அறிவிப்பு.

பழைய சுழல் விளக்கின் அமைப்பை நம் மாணவர் பலர் கண்டதில்லை. பெயர்தான் சுழல் விளக்கு. உள்ளே விளக்கு சுழலாது. ஒரு குமிழ் நிலையாக எரியும். அதைச் சுற்றி ஒரு குழிவு ஆடி சிறு மோட்டாரால் சுழலும். ஆடி நம்மைப் பார்க்கும் கணத்தில் ஒளி அறையும், திரும்பியதும் மறையும். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு அது மின்னி மின்னி மறைவதாகத் தோன்றும். அடுத்து வந்தது செனான் வாயுக்குழல். படமெடுக்கும் கருவியின் பளிச்சொளியைப் போல நொடிப்பொழுது வெடித்து அணைவது. இப்போதிருப்பவை எல்.இ.டி. அசையும் உறுப்பு எதுவுமில்லை. மின்சாரமும் குறைவாகவே வேண்டும். வாகனத்தின் அகலம் முழுதும் பட்டையாகப் பொருத்தலாம். மலிவும்கூட. இந்த மலிவுதான் பின்னர்ச் சொல்லப்போகும் தீங்குக்கு வித்து.

நிறங்களுக்கும் பொருளுண்டு. மஞ்சள் கலந்த செம்மை, அதாவது ஆம்பர், பழுதான வண்டியை இழுத்துச் செல்லும் ஊர்திக்கும் சாலைப்பணி ஊர்திக்கும் உரியது. அது வழி கேட்பதில்லை. இங்கே வேலை நடக்கிறது, மெல்லப் போ என்கிறது. நீலத்தை ஜெர்மனி 1930-களிலேயே அவசர ஊர்திகளுக்கு எடுத்துக்கொண்டது. பிரிட்டனும் நீல நாடே. அங்கே மருத்துவர் தம் சொந்தக் காரில் அவசரமாகச் செல்கையில் பச்சை விளக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சட்ட முன்னுரிமை எதுவும் கிடையாது, பார்ப்பவர் மனமுவந்து விலகினால் உண்டு. ஜப்பானில் சிவப்பு. சிவப்புக்கு ஓர் இடர்: சாலையில் ஏற்கெனவே நிற்கும் சிக்னலும், முன் வண்டியின் பின்விளக்கும் சிவப்பே. நூறு சிவப்புகளுக்கிடையே நூற்றொன்றாவது சிவப்பு தனித்துத் தெரியாது. நீலமோ அந்தி மயங்கியபின் கண்ணுக்கு இன்னும் ஒளிமிக்கதாய்த் தோன்றும். ஒளி குறையக் குறைய நம் விழி நீலத்தின் பக்கம் சாய்கிறது என்பதைச் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டு சொன்னார். இரண்டையும் வெண்மையோடு கலந்து வைப்பதன் காரணம் இதுவே.

இவையெல்லாம் பொறியியல். நம் துயரம் பொறியியலில் இல்லை.

தமிழ்க் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் புரட்டியவர்க்குப் பகல் விளக்கு, பாவாடை என்னும் இரண்டு சிறப்புகள் பழகியவை. பாவாடை என்பது நடந்துவருபவர் காலடியில் விரிக்கும் துணி. பகல் விளக்கு என்பது பட்டப்பகலில், வெயில் காயும்போது, ஒருவர் முன்னே பிடித்துச் செல்லும் தீவட்டி. இரவில் தீவட்டி பிடிப்பது வழிகாண. பகலில் பிடிப்பது, வருபவர் இன்னார் என்று காண்பவர்க்குக் காட்ட. எண்ணெய் வீணாகிறதே என்று எவரும் கேட்கக்கூடாது, வீணாவதிலேதான் பெருமை. அவ்வுரிமை எங்களுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை என்று வலங்கை, இடங்கைப் பிரிவினர் கும்பினியார் காலம்வரை தெருவில் மோதிக்கொண்டனர். குடையும் கொடியும் பகல் தீவட்டியும் அந்த வழக்குகளின் பட்டியலில் அடுத்தடுத்து வருவன.

சுதந்திர இந்தியாவின் காரின் மேல் ஏறிய சிவப்பு விளக்கு இந்தப் பகல் தீவட்டியின் நேர்வாரிசு என்பது நம் துணிபு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் வாகன விளக்கின் நிறங்களை வரையறுப்பது 108-ஆம் விதி. (ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி வாழ்பவர்க்கு நூற்றெட்டு என்றதும் திவ்ய தேசங்களே முதலில் நினைவுக்கு வரும், 2008 செப்டம்பருக்குப் பின்னர் ஆம்புலன்ஸும் வரும். மூன்றாவதாக இவ்விதியையும் சேர்த்துக்கொள்க.) முன்புறம் சிவப்பு விளக்கு காட்டலாகாது என்பது பொதுக்கட்டளை. அதற்குச் சில விலக்குகள். அவற்றுள் மூன்றாவதாக இடம்பெற்றது, அரசுகள் குறிப்பிடும் உயர்பதவியினரைச் சுமக்கும் வண்டி. நோயாளியைச் சுமக்கும் வண்டிக்கு, ஊதாக் கண்ணாடியிட்டு விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு, நான்காவது இடம். எழுதியவர்கள் எண்ணி எழுதினார்களோ எண்ணாமல் எழுதினார்களோ, வரிசை அதுவாக இருந்தது.

பதவியினருக்குள்ளும் படிநிலை. சுழலும் சிவப்பு யார்க்கு, சுழலாத சிவப்பு யார்க்கு என்று அறிவிக்கைகள் வந்தன. தீவட்டி எத்தனை, யார் யார் எத்தனை பிடிக்கலாம் என்று பாளையப்பட்டுகளில் நடந்த வாதத்தின் மறுபதிப்பு இது. பட்டியலில் இல்லாதவரும் பொருத்திக்கொண்டனர். மாநிலங்கள் பட்டியலை நீட்டிக்கொண்டே போயின. இறுதியில் உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பர் 10 அன்று, அபய் சிங் வழக்கில், நீதிபதிகள் ஜி. எஸ். சிங்வியும் சி. நாகப்பனும் அமர்ந்த ஆயத்தின் வழியே, இப்பெருக்கத்தைக் கண்டித்துக் கட்டுப்படுத்தியது. வரவேற்க வேண்டிய தீர்ப்புதான். எனினும் அதில் ஒரு செய்தி நம்மை நெருடிக்கொண்டே இருக்கிறது. சிவப்பை அரசியலமைப்புப் பதவியினர்க்கு ஒதுக்கி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசர ஊர்திகள் நீலம், வெண்மை, பல்வண்ணம் முதலிய பிற நிறங்களை வைத்துக்கொள்ளலாம் என்று அத்தீர்ப்பு வகுத்தது. நீலம் நல்ல நிறம் என்பதை மேலே சொன்னோம்; ஆகவே செயலளவில் இழப்பில்லை. ஆனால் இந்திய மனத்தில் சிவப்பு எதைக் குறித்துவந்ததோ, அது பதவிக்கே உரியதாக எழுதிவைக்கப்பட்டது.

அந்நிலை 2017-இல் முடிந்தது. ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை முடிவெடுக்க, மே 1 முதல் குடியரசுத் தலைவர் உட்பட எவர் காரின் மேலும் சுழல் விளக்கு இல்லை என்றாயிற்று. தீயணைப்பு, சட்டம் ஒழுங்கு, பேரிடர் மீட்பு முதலிய பணிகளுக்கெனக் குறிக்கப்பட்ட ஊர்திகளே சிவப்பு, நீலம், வெண்மை கலந்த விளக்கை வைத்துக்கொள்ளலாம்; அவையும் அப்பணியில் இல்லாதபோது விளக்கை எரிக்கலாகாது. இந்தக் கடைசி வரியை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். விளக்கு வண்டிக்கும் உரியதன்று, வண்டியில் இருப்பவர்க்கும் உரியதன்று, அப்போது நடக்கும் பணிக்கே உரியது என்னும் கருத்து அதனுள் இருக்கிறது. பகல் தீவட்டியின் தத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு நம் சட்டநூல்களில் அரிது.

ஆயின் அறிவிக்கை ஒன்றால் ஊர் மனம் மாறிவிடுமா? நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானை, அதாவது கான் சாகிபை, நினைவூட்டும் பெயர் என்றே இங்குள்ளோர் கொள்வர். கான் என்பதும் சாகிபு என்பதும் பட்டங்கள். ஆள் போய் இரண்டரை நூற்றாண்டாகியும் பட்டம் ஊர்ப்பெயரில் குடியிருக்கிறது. பட்டம் இத்தனை நாள் உயிர்வாழும் மண்ணில், விளக்கின் மேலுள்ள ஆசை ஒரு மே தினத்தில் போய்விடும் என எதிர்பார்ப்பது பேதைமை.

அது போகவில்லை, கீழிறங்கிப் பரவிவிட்டது. அமைச்சரின் காரிலிருந்து கழற்றப்பட்டது, உதிரிபாகக் கடையில் யார்க்கும் கிடைக்கும் சரக்காகித் திருமண ஊர்திக்கும், கட்சி நிர்வாகியின் ஜீப்பிற்கும், மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. எல்.இ.டி. மலிவு என்றோமே, இதற்குத்தான். முன்பு பகல் தீவட்டிக்கு அரசன் ஆணை வேண்டும். இன்று கடையும் காசும் போதும். இதைச் சமத்துவம் என்று ஒரு நண்பர் நகையாடினார். நாம் சிரிக்கவில்லை. நூறு பேர் பொய்யாகக் கேட்டுவிட்டுப் போன வீதியில், நூற்றோராவதாக மெய்யாகக் கேட்பவர்க்குச் செவி கிட்டாது. ஒவ்வொரு போலி விளக்கும் ஆம்புலன்ஸின் விளக்கிலிருந்து சிறிது ஒளியைத் திருடிக்கொண்டே எரிகிறது.

உண்மையான அவசர ஊர்திகளும் இதில் முற்றிலும் குற்றமற்றவை அல்ல. நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகையில் விளக்கை எரியவிட்டு விரையும் ஓட்டுநர்களை நெடுஞ்சாலையில் கண்டிருக்கிறோம். இறந்தவர் உடலைக் கொண்டுசெல்லும் ஊர்தி சுழல் விளக்கோடு செல்வதையும் கண்டிருக்கிறோம். இறந்தவர்க்கு நாம் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும், அது மரியாதை. ஆனால் அவர்க்கு இனி விரைவு எதற்கு? மெல்லச் செல்லும் ஊர்திக்கு ஒரு மலர்மாலை போதும். பார்ப்பவர் இவற்றையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்கிறார். உள்ளே ஆளிருக்கிறதா என்று கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்குபவரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவருடைய ஐயம் பட்டறிந்து வந்தது.

ஒளியின் மிகையும் ஓர் ஆபத்து. விபத்துநடந்த இடத்தில் இரவில் நிற்கும் ஊர்தி முழு வலிமையோடு மின்னிக்கொண்டிருந்தால், எதிரே வருபவர் கண் கூசும். ஊர்தியின் அருகில் குனிந்து பணிசெய்யும் மனிதர் அந்தக் கூச்சத்துக்குள் மறைந்துவிடுவார். ஓடும்போது வேண்டிய ஒளி வேறு, நிற்கும்போது வேண்டிய ஒளி வேறு. சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு ஆலை விபத்துகளின்போது கூட்டம் ஊர்திகளைச் சூழ்ந்துகொள்வதை அறிந்தவர்க்கு இது நுணுக்க வாதமாகத் தோன்றாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் மாண்டவர்களுள் முதல் புகை கண்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தோர் பலர். வா என்று அழைக்கும் ஒளி எது, விலகு என்று தள்ளும் ஒளி எது என்பதை நாம் யார்க்கும் கற்பித்ததே இல்லை.

வேடிக்கை என்னவெனில், விலகச்சொல்லும் ஒளி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவெல்லாம் எரியும் கலங்கரை விளக்கம் வருகிறது. ஏணி சாத்தி ஏறவேண்டிய உயரம். அங்கே தீ வைப்பவன் பெயர் பாட்டில் இல்லை, அவன் யார்க்கும் தன்னைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கடலில் திசைதவறிய கலத்துக்காக எரிகிறது அது. பகல் விளக்கோ பிடிப்பவனின் தலைவனுக்காக எரிகிறது. இவ்விரண்டுள் எதன் வழிவந்தது ஆம்புலன்ஸின் விளக்கு என்று மாணவரிடம் கேட்டால் ஒருமுகமாக முன்னதைச் சொல்வார்கள். கடைவீதியில் நிற்கும்போது பின்னதற்கே வழிவிடுவார்கள்.

சட்டம் இருக்கிறதே எனலாம். இருக்கிறது. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு, அவசர ஊர்திக்கு வழிவிடாதவர்க்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறுமாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. தமிழகத்தில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்த்தப்பட்டபோது இது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வழிவிடாதவரைத் தண்டிக்கும் அதே ஊக்கத்தோடு, பொய் விளக்கை விற்பவரையும் பொருத்துபவரையும் தேடவேண்டாமா? முன்னவர் பெரும்பாலும் திகைப்பால் தவறியவர். பின்னவர் காசு கொடுத்துத் தவறியவர். ஓட்டுநர் உரிமம் வாங்க வருபவரிடம் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வாய் என்று எத்தனை இடங்களில் கேட்கிறார்கள்? இடப்புறம் ஒதுங்கு என்பது விதி. வத்திராயிருப்புச் சாலையில் இடப்புறம் வாய்க்காலாக இருக்கும் இடங்களும் உள. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரி செல்லும் வண்டிகள் தாணிப்பாறை வரை நெருங்கி நிற்கும்போது, ஒதுங்க இடம் எங்கே? 2015 மேயில் அம்மலையில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச்சென்றதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. அந்நாட்களிலேனும் ஒரு பக்கத்தை ஊர்திக்கென ஒழித்துவைப்பது மாவட்ட நிருவாகத்தால் ஆகாத காரியமன்று.

வழி பெறுபவர்க்கும் கடமை உண்டு. கன்றின்மேல் தேரேறியபோது, தேரின் மணியோசை கேட்டிருக்கவில்லையா என்று சோழன் பசுவைக் கேட்கவில்லை. ஓட்டியவன்மேல்தான் பழி வைத்தான். விளக்கு எரிகிறது என்பதால் எதிரே வருபவர் உயிர் மலிவாகிவிடாது.

இவற்றையெல்லாம் சென்ற திங்களில் நம் வகுப்பிலும் பேசினோம். பெரும்பாணாற்றுப்படை நடத்திய நாள். கலங்கரை விளக்கத்தைச் சொல்லப்போய்ப் பேச்சு இங்கே வந்துவிட்டது. கடைசி வரிசை மாணவர் ஒருவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அருகிலிருந்தவர்கள் சிரித்தனர். அவருடைய வண்டியின் முன்புறம் சிவப்பும் நீலமுமாய் இரண்டு மின்னும் விளக்குகள் இருப்பது பிறகு தெரியவந்தது. வெளியே வந்தபின் எதற்கப்பா அது என்று கேட்டோம். "சும்மா, கெத்துக்கு சார்" என்றார். கழற்று என்று நாம் சொல்லவில்லை. ஐப்பசி இரவை மட்டும் சொன்னோம். தொங்கிய இமை, மகன் பார்த்துக்கொண்டிருந்த நெஞ்சு, கைகாட்டிக் கார்களை அனுப்பிய இளைஞர். அவர் முழுவதையும் கேட்டார். ஊர் கூமாபட்டிப் பக்கம் என்றதும், அந்தக் கடைவீதி வழியாகத்தான் தாமும் தினமும் வருவதாகச் சொன்னார்.

நேற்று மாலை கல்லூரி வாயிலில் அவ்வண்டியைப் பார்த்தோம். ஒரு விளக்கு இல்லை. மற்றொன்று இருக்கிறது.